கடைசி ஓவருக்கு என்ன விலை?

ஆம்பூருக்கு ஒரு விசேஷம் உண்டு. பிரியாணியைச் சொல்லவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில், நெடுஞ்சாலை ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஊர் அது. அதனால் ஐ.பி.எல். வந்துவிட்டால் ஒரே தெருவில் மஞ்சள் பனியனும் தெரியும், சிவப்பு பனியனும் தெரியும். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பட்டறை நாற்றம் அடிக்கிற ஊர்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு கட்சி அரசியல் உண்டு.

ஆனால், ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் கூட்டணி. ஏலம் நடக்கிற நாளில் டீக்கடையில் காது கொடுத்தால் கேட்கலாம். "பேட்ஸ்மேனை எல்லாம் வுடு பாய். டெத் பௌலருக்குக் காசைக் கொட்டணும். கடைசி நாலு ஓவர் போட ஆளு இல்லேன்னா கப்பு கிடையாது!"

கொட்டத்தான் வேண்டுமா? எவ்வளவு கொட்டலாம்? இதுதான் இந்த வாரக் கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டக் கூடாது! கொஞ்சம் தூவலாம்.

இந்தச் சண்டை நமக்குப் புதுசு. அமெரிக்காக்காரர்களுக்குப் பழசு. அவர்கள் ஊர் பேஸ்பால் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். முதலில் பந்து வீச வருகிறவர் ஐந்தாறு இன்னிங்ஸ் தாக்குப் பிடிப்பார். அவர் கை சோர்ந்ததும் மாற்று ஆள் வருவார். கடைசி ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு என்றே ஒரு ஆசாமி தனியாக உட்கார்ந்திருப்பார். 'க்ளோஸர்' என்று பெயர். அணி சின்ன வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது வந்து, கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். அதுதான் உத்தியோகம்.

இந்த உத்தியோகத்துக்கு மவுசு வந்த கதை சுவாரஸ்யமானது. ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் என்று சிகாகோவில் ஒரு பத்திரிகையாளர். (நம்ம ஜாதி!) கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றுகிறவருக்கு 'ஸேவ்' என்று ஒரு மார்க் போட ஆரம்பித்தார். 1969-ல் அது அதிகாரபூர்வமான கணக்காகவே ஆகிவிட்டது. ஒரு விஷயத்தை எண்ண ஆரம்பித்தால் அடுத்து என்ன ஆகும்? அதற்கு விலை வைப்பார்கள். வைத்தார்கள். அணித் தலைமையும் 'ஸேவ்' கிடைக்கிற சமயமாகப் பார்த்துத்தான் அந்த ஆளை இறக்கியது.

2003-ல் வந்த 'மணிபால்' புத்தகத்தின் நாயகன் பில்லி பீன், ஓக்லண்ட் அணியின் ஜெனரல் மேனேஜர். கையில் காசில்லாத அணி. அவர் இந்தப் பைத்தியத்தைப் பார்த்துச் சிரித்தார். சுமாரான ஆளைக் கொண்டுவந்து க்ளோஸர் நாற்காலியில் உட்கார வைப்பார். நாலு 'ஸேவ்' சேர்ந்ததும் சந்தையில் விலை எகிறும். விற்றுவிட்டு அடுத்த ஆளைத் தேடுவார். பச்சைத் தோலை வாங்கிப் பதம் போட்டு, பாலீஷ் ஏற்றி விற்கிற வியாபாரம்தான். நம்ம ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, பணக்கார அணிகள்? நியூயார்க் மெட்ஸ் 2022 நவம்பரில் எட்வின் டியாஸ் என்கிற க்ளோஸருக்கு ஐந்து வருஷத்துக்கு 10.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2023 மார்ச்சில் அவர் தன் நாடான புவர்ட்டோ ரிகோவுக்காக ஒரு போட்டியில் ஜெயித்துக் கொடுத்தார். சந்தோஷத்தில் குதித்தார். முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த வருஷம் முழுக்க மெட்ஸுக்கு ஒரு பந்துகூடப் போடவில்லை!

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் கதை இதைவிட ஜோர். 2025 ஜனவரியில் டானர் ஸ்காட் என்பவருக்கு நாலு வருஷம், 7.2 கோடி டாலர். அந்த சீஸனில் காப்பாற்ற வேண்டிய ஆட்டங்களில் பத்தை அவர் கோட்டை விட்டார். ஆனால், அந்த வருஷமும் டாட்ஜர்ஸ்தான் சாம்பியன். எப்படி? கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்துகளைப் போட்டவர் யமமோட்டோ. முந்தின நாள்தான் ஆட்டத்தை ஆரம்பித்துப் பந்து வீசிய 'முதல்' ஆள் அவர்! பாடம் கற்றார்களா? அந்த டிசம்பரில் அதே டியாஸை மூன்று வருஷத்துக்கு 6.9 கோடி டாலர் கொடுத்து டாட்ஜர்ஸ் வாங்கிக்கொண்டது. பணம் நிறைய இருந்தால் பாடம் தேவைப்படாது போலிருக்கிறது.

இப்போது நம்ம கணக்கு. பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் யூனிட் காஸ்ட்தான் ஞாபகம் வரும்.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸுக்கு 120 பந்து. 17 முதல் 20 வரைக்கும் டெத் ஓவர்கள். அதில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் வழக்கமாகப் போடுவது இரண்டு ஓவர், அதாவது 12 பந்து. இன்னிங்ஸில் பத்து சதவிகிதம். இரண்டு அணியும் ஆடுகிற மொத்த ஆட்டத்தில் ஐந்து சதவிகிதம். பேஸ்பாலில் க்ளோஸரின் பங்கும் கிட்டத்தட்ட அதேதான். சீஸனுக்கு ஒரு அணி வீசுகிற 1,450 இன்னிங்ஸ் சொச்சத்தில் அவருடையது 60, 70.

ஐந்து சதவிகித வேலைக்கு எவ்வளவு சம்பளம்? 2018 ஏலத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் ஜெய்தேவ் உனத்கட்டை 11.5 கோடிக்கு வாங்கியது. அப்போது ஒரு அணியின் பர்ஸ் 80 கோடி. 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் மதீஷ பதிரனாவை 18 கோடிக்கு வாங்கியது. பர்ஸ் 125 கோடி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். அங்கேயும் 14.4 சதவிகிதம், இங்கேயும் 14.4 சதவிகிதம்! கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஓடியும் பயத்தின் விலை பைசா மாறவில்லை.

நியாயமாக எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் பந்தும் ஒரே மாதிரியா? ஏழாவது ஓவரில் பேட்ஸ்மேன் ஒன்றிரண்டாக ஓடுகிறார். பத்தொன்பதாவது ஓவரில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறார். சாதாரண பௌலர் 11 ரன் கொடுக்கிற ஓவரில் கெட்டிக்காரர் 8 கொடுத்தால் மூன்று ரன் மிச்சம். இரண்டு ஓவருக்கு ஆறு. ஆறு ரன்னில் ஜெயித்த, தோற்ற ஆட்டங்கள் எத்தனை! ஆகவே அந்த 12 பந்துக்கு மதிப்பு உண்டு. இரட்டிப்பு மதிப்பே கொடுத்துவிடலாம். ஆட்சேபணை இல்லை.

கேள்வி வேறே. அந்த ஆறு ரன்னை முன்கூட்டியே, ஏல மேஜையில் உட்கார்ந்து விலைக்கு வாங்க முடியுமா?

உனத்கட்டையே எடுங்கள். 2017-ல் புனே அணிக்கு 24 விக்கெட், ஓவருக்கு ஏழு ரன் சொச்சம். அதைப் பார்த்துத்தான் 11.5 கோடி. 2018-ல்? 11 விக்கெட். ஓவருக்கு ஒன்பதரைக்கு மேல். மனுஷன் மாறவில்லை. அதே இடது கை, அதே ஸ்லோ பால். ஒரு சீஸனுக்கு 14 லீக் ஆட்டம், ஆட்டத்துக்கு 12 பந்து என்றால் மொத்தம் 168 டெத் பந்து. இந்த 168 பந்தை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் ஜாதகம் கணிக்கிறார்கள். நாலு கேட்ச் கைக்குள் விழுந்தால் ராஜயோகம். நாலு நழுவினால் சனி.

ஹர்ஷல் படேல் 2024-ல் 24 விக்கெட் எடுத்து பர்ப்பிள் கேப் வாங்கினார். அவருக்குப் பஞ்சாப் கொடுத்த விலை 11.75 கோடி. பஞ்சாப் பிடித்த இடம் ஒன்பது. இதே ஹர்ஷல் 2021-ல் பெங்களூருக்காக 32 விக்கெட் எடுத்தபோது அவர் விலை 20 லட்சம்தான்.

யாஷ் தயாளை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரலில் ரிங்கு சிங் கடைசி ஐந்து பந்தில் ஐந்து சிக்ஸர் அடித்தது இவரைத்தான். 'இனி இவர் கதை முடிந்தது' என்றார்கள். 2024 மே 18. அதே ஆள், கடைசி ஓவர், எதிரே தோனி. ப்ளே ஆஃப் போக சி.எஸ்.கே.வுக்கு 17 ரன் வேண்டும். முதல் பந்து சிக்ஸர். அடுத்த பந்தில் தோனி அவுட். மொத்த ஓவருக்கும் ஏழே ரன். எது நிஜமான யாஷ் தயாள்? இரண்டுமேதான். ஒரு ஓவரைப் பார்த்து ஆளைத் தூக்கி எறிவதும் தப்பு, ஒரு ஓவரைப் பார்த்துக் கோடியைக் கொட்டுவதும் தப்பு.

2023 ஃபைனல் இன்னும் கொடுமை. 2022-ல் குஜராத்துக்கு நெட் பௌலராக இருந்த மோஹித் சர்மா, 50 லட்சத்துக்கு வாங்கப்பட்டு அந்த சீஸனில் 27 விக்கெட் எடுத்திருந்தார். கடைசி ஓவரில் 13 வேண்டும். முதல் நாலு பந்தில் மூன்றே ரன். கடைசி இரண்டு பந்து... ஜடேஜா, சிக்ஸர், ஃபோர். நாமெல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினோம். 50 லட்சம் ரூபாய் பௌலர் கோப்பையை இரண்டு பந்து தூரம் வரைக்கும் இழுத்து வந்தார் என்பதை யார் நினைத்துப் பார்த்தோம்?

இன்னொரு பக்கம், 2018 டிசம்பர் ஏலம். உனத்கட்டுக்கு மறுபடி 8.4 கோடி. லசித் மலிங்காவை அடிப்படை விலையான 2 கோடிக்கு மும்பை எடுத்தது. போட்டிக்கு ஆளே இல்லை. அந்த சீஸன் ஃபைனலில் சென்னைக்குக் கடைசி ஓவரில் 9 ரன் தேவை. அதற்குள் மலிங்கா மூன்று ஓவரில் 42 ரன் கொடுத்திருந்தார். நாலாவது ஓவரில், கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்குரை எல்.பி.டபிள்யூ. ஆக்கி ஒரு ரன்னில் ஜெயித்துக் கொடுத்தார். நமக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு பந்து. ஆனால், ஆட்ட நாயகன் மலிங்கா இல்லை, பும்ரா. 4 ஓவர், 14 ரன், 2 விக்கெட். மலிங்காவுக்கு அந்த ஒரு ரன்னைச் சேர்த்து வைத்தவர் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

இங்கேதான் ஆம்பூர் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

ஷூ ஃபேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? முதலில் கட்டிங். தோலை அளவாக வெட்டுவது. அடுத்து, வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்து 'அப்பர்' ஆக்குவது. வரிசை வரிசையாகப் பெண்கள் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கிற பகுதி அது. அதன் பிறகு லாஸ்டிங், சோல் ஒட்டுவது, ஃபினிஷிங், பேக்கிங். இதில் அந்தத் தையல் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா?

'க்ளோஸிங்'!

அமெரிக்காக்காரனுக்கு க்ளோஸிங் என்றால் கடைசி வேலை. ஆம்பூர்க்காரனுக்கு க்ளோஸிங் என்றால் நடுவில் நடக்கிற வேலை. யார் சொல்வது சரி? நான் ஆம்பூர் பக்கம்.

ஏனென்றால், நடுவில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்று ஏற்றுமதிக்காரர்களுக்குத் தெரியும். தையல் பகுதியில் வேலை தேங்கினால் ஷிப்மென்ட் தேதி தவறும். கப்பலில் போக வேண்டிய சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும், பேர் காப்பாற்றப்படும். லாபம் காலி! விமானம் கெட்டிக்காரத்தனமாகப் பறந்தது என்று யாராவது விமானத்துக்கு மாலை போடுவார்களா? அந்த நிலைமை ஏன் வந்தது என்றுதான் முதலாளி கேட்பார். கிரிக்கெட்டில் மட்டும் நாம் விமானத்துக்கு மாலை போடுகிறோம்.

2024 ஜூன் 29, பார்படாஸ். உலகக் கோப்பை ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன். ரோஹித் சர்மா என்ன செய்தார்? பும்ராவைக் கடைசி ஓவருக்கு என்று பூட்டி வைக்கவில்லை. 16-வது ஓவர் கொடுத்தார், நாலு ரன். 18-வது கொடுத்தார், இரண்டே ரன், ஒரு விக்கெட். பும்ராவின் கோட்டா முடிந்துவிட்டது. அர்ஷ்தீப் 19-வது ஓவரில் நாலு ரன் கொடுத்தார். கடைசி ஓவரை ஹர்திக் பாண்டியா போடும்போது 16 ரன் வேண்டியிருந்தது. கதவை ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. ஹர்திக் தாழ்ப்பாள் போட்டார்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2016-ல் பால்டிமோர் அணியின் ஸாக் பிரிட்டன் 47 தடவை காப்பாற்ற வந்து 47 தடவையும் காப்பாற்றியவர். டொராண்டோவுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டம் சமநிலையில் இழுத்துக்கொண்டே போனது. 'முன்னிலை வரட்டும், அப்புறம் இறக்கலாம்' என்று அவரை உட்காரவே வைத்திருந்தார்கள். பதினோராவது இன்னிங்ஸில் வேறொருவர் பந்தை எதிராளி தூக்கி அடித்தார். ஆட்டம் முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை. பாட்டி பட்டுப்புடவையைப் பெட்டியிலேயே வைத்திருந்து, கட்டாமலே போய்ச் சேர்ந்த கதைதான்.

சந்தேகம் தீராதவர்களுக்கு 2025 ஃபைனல். பெங்களூர் பதினெட்டாவது வருஷத்தில் கோப்பையைத் தூக்கிய நாள். கடைசி ஓவரில் பஞ்சாபுக்கு 29 ரன் வேண்டும். 12.5 கோடி ஹேஸல்வுட் முதல் இரண்டு பந்தை ரன் இல்லாமல் போட்டார். அப்புறம் ஷஷாங்க் சிங் அடித்த அடியில் அந்த ஓவரில் 22 ரன் போனது. இருந்தும் பெங்களூர் ஆறு ரன்னில் ஜெயித்தது. காரணம் ஹேஸல்வுட்டின் கடைசி நாலு பந்து இல்லையே! நடு ஓவர்களில் 4 ஓவர் போட்டு 17 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்த குருணால் பாண்டியா. விலை 5.75 கோடி. ஆட்ட நாயகன் அவர்தான். ஆம்பூர் அர்த்தத்தில் பார்த்தால், அன்றைக்கு க்ளோஸர் குருணால்!

"அதெல்லாம் சரி, 24.75 கோடி ஸ்டார்க் 2024-ல் கொல்கத்தாவுக்குக் கோப்பை வாங்கித் தரலையா?" என்று கேட்பீர்கள். தந்தார். பர்ஸில் ஏறக்குறைய கால் பங்கு. 14 லீக் ஆட்டத்திலும் முழு கோட்டா போட்டால்கூட ஒரு பந்துக்கு ஏழு லட்சத்துக்கு மேல்! ஆனால், எப்போது தந்தார் என்று பாருங்கள். சேப்பாக்கம் ஃபைனலில் முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைப் பறக்கவிட்டார். அதற்கு முந்தின குவாலிஃபையரிலும் ட்ராவிஸ் ஹெட் முதல் ஓவரில் காலி. ஹைதராபாத் ஃபைனலில் 113-க்குச் சுருண்டது. கடைசி ஓவர் என்று ஒன்று வரவே இல்லை. அடுத்த வருஷம் ஸ்டார்க் விலை 11.75 கோடியாக இறங்கியது. டெல்லி வாங்கியது. 2025 ஏப்ரலில் ராஜஸ்தானுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 9 ரன் கொடுக்காமல் ஆட்டத்தை சமன் செய்து, சூப்பர் ஓவரில் ஜெயிக்க வைத்தார். பாதி விலைக்கு முழு யார்க்கர்!

ஆக, எவ்வளவு செலவழிக்கலாம்? என் பட்ஜெட் இது. ஐந்து சதவிகிதப் பந்துகள், நெருக்கடிக்காக இரட்டிப்பு, ஆக மொத்தம் பர்ஸில் பத்து சதவிகிதம். 125 கோடிக்கு 12.5 கோடி. அதையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். மூன்று பேருக்குப் பிரியுங்கள். ஒருத்தர் தோள் வலிக்கும், ஒருத்தருக்கு ராசி சரியிருக்காது, மூன்றாமவர் ஓடுவார். பும்ரா மாதிரி முதல் ஓவர், நடு ஓவர், கடைசி ஓவர் எல்லாம் போடுகிறவர் கிடைத்தால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். அவர் டெத் பௌலர் இல்லை, முழு பௌலர். 2025-க்கு மும்பை அவருக்குக் கொடுத்த 18 கோடி மலிவு.

'பர்ஸில் பணத்தை மிச்சம் வைத்து வட்டிக்கா விடுவது?' என்றால், வேண்டாம். நடு ஓவர் ஸ்பின்னரை வாங்குங்கள். டெத் பௌலரை வாங்குவதைவிட வளர்ப்பது மேல் என்பதற்கு சி.எஸ்.கே.வே சாட்சி. 2022-ல் ஆடம் மில்ன் காயம்பட்டபோது மாற்று ஆளாக 20 லட்சத்துக்கு வந்தவர்தான் பதிரனா. 2023 கோப்பையில் 19 விக்கெட் எடுத்தார். அதே சி.எஸ்.கே. 2025-க்கு 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தது. அவர் ரன் கொடுப்பது ஓவருக்குப் பத்தைத் தாண்டியது, விடுவித்தார்கள். 20 லட்சத்தில் லாபம், 13 கோடியில் நஷ்டம். சரக்கு ஒன்றுதான், வாங்கின விலைதான் வேறு.

இதெல்லாம் கோடீஸ்வரர்கள் பணம், நமக்கென்ன என்று இருந்துவிடலாம். இருக்க முடியவில்லை. காரணம், நடராஜன்.

சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகிய பையன். 2017-ல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. அடுத்த வருஷம் ஹைதராபாத்தில் 40 லட்சம், இரண்டு சீஸன் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020-ல் வாய்ப்பு வந்தது, 16 விக்கெட், அப்படியே ஆஸ்திரேலியா போய் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். 2022-ல் 4 கோடி. 2025-க்கு டெல்லி 10.75 கோடி. கொடுத்துவிட்டு, சீஸனின் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தது. மூன்று கோடி, நாற்பது லட்சம், நாலு கோடி, பத்தே முக்கால் கோடி. இந்த ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் அவருடைய யார்க்கர் மாறியது?

மாறியது வாங்குகிறவர்களின் பயமும் ஆசையும்தான். அந்தப் பயத்தின் பாரத்தைச் சுமக்கிறது ஒரு கை, ஒரு முழங்கால். அது ரப்பரா என்ன?

வேலூர், ஆம்பூர் மைதானங்களில் சாயங்காலம் ஒற்றை ஸ்டம்பை நட்டு யார்க்கர் போட்டுப் பழகும் பையன்களைப் பார்த்தால் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். தம்பி, ஏழாவது ஓவரும் போடக் கற்றுக்கொள். கடைசி ஓவருக்கு விலை ஒவ்வொரு டிசம்பரிலும் மாறும். இருபது ஓவரில் எதைக் கொடுத்தாலும் போடுகிறவனை யாரும் சுலபத்தில் வெளியே உட்கார வைக்க முடியாது.